லண்டனை எண்ணி எண்ணிப் பார்த்த ஒரு கோடை

போன வருஷம் ஜூலையில் என் அப்பா முதல் தடவையாக லண்டன் வந்தார். அம்மா இருந்தவரை "நீங்க போய்ட்டு வாங்க, வீட்டை நான் பார்த்துக்கறேன்" என்று இவரும், "நீ போய்ட்டு வா" என்று அவரும் மாற்றி மாற்றிச் சொல்லியே பத்து வருஷம் ஓடிப்போனது. அம்மா இறந்து ஒரு வருஷம் கழித்து, ஒரு பெட்டியும் ஒரு துணிப்பையுமாக அப்பா தனியாக வந்து இறங்கினார். ஆறு வாரம் இருப்பதாகத் திட்டம்.

அப்பா கும்பகோணத்தில் அரசுப் பேருந்தில் 32 வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஊரில் எல்லாரிடமும் பேசுவார். என் மகளுக்கு எட்டு வயசு. அவளும் வாய் ஓயாமல் பேசுவாள், இங்கிலீஷில். இரண்டு பேரும் சேர்ந்தால் வீடு இரண்டுபடும் என்று நினைத்திருந்தேன்.

நடந்தது வேற. "சாப்டியா கண்ணு?" "யெஸ் தாத்தா." "ஸ்கூல் எப்படி இருக்கு?" "குட்." அவ்வளவுதான் பேச்சு. முதல் வாரம் முடிவதற்குள் சோபாவின் ஒரு முனையில் தாத்தா, மறு முனையில் பேத்தி, நடுவில் டிவி ரிமோட் என்று ஆகிவிட்டது.

எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்பவள் நான். அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன்: ஒரு நாளில் என் மகளிடம் நான் தமிழில் என்னென்ன பேசுகிறேன்? எழுந்திரு. பல் தேய். சீக்கிரம் சாப்பிடு. ஷூ போடு. அதைத் தொடாதே. தூங்கு. எல்லாமே கட்டளை. கதை, ஜோக், பள்ளியில் நடந்த சண்டை, டைனோசர் எல்லாம் இங்கிலீஷ். அவளுக்குத் தமிழ் புரியும். ஆனால் தமிழில் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டிய தேவையே அவளுக்கு வந்ததில்லை.

இதை வாசிக்கிற உங்களில் பலர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களாக இருப்பீர்கள். உங்கள் வீட்டுக் கதையும் கொஞ்சம் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் அந்த ஆறு வாரத்தில் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று எழுத உட்கார்ந்தேன்.

நூத்திப் பதினஞ்சு

எங்கள் வீடு ஈஸ்ட்ஹாமில். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை 115-ஆம் நம்பர் பஸ்ஸில் ஆல்ட்கேட் வரைக்கும் போனோம். மாடியில் முன் சீட்டு. அப்பாவுக்கு அது சொர்க்கம். எதிரே வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் நம்பரையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். தொழில் பழக்கம்.

"நூத்திப் பதினஞ்சு... இருபத்தஞ்சு... மறுபடி நூத்திப் பதினஞ்சு."

மகள் திரும்பிப் பார்த்தாள். "நூத்தின்னா ஹண்ட்ரட்-ஆ?"

"ஆமா கண்ணு. நூறு. அதுக்கு மேல பதினஞ்சு."

வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளியில் அவளுக்கு இருபது வரைக்கும் பாட்டாகத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அடுத்த பஸ் வந்ததும் தாத்தாவை முந்திக்கொண்டு தானே சொல்லிப் பார்த்தாள், தப்பும் தவறுமாக. ஆல்ட்கேட் போவதற்குள் இரண்டு பேருக்கும் போட்டியாகிவிட்டது.

அப்பாவுக்கு வேறு கவலை. "ஏம்மா, கண்டக்டரையே காணோமே, டிக்கெட் யார் குடுக்கறது?" என்று கேட்டார். லண்டனில் கண்டக்டரோடு ஓடிய பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் 2005 டிசம்பரோடு வழக்கமான சேவையிலிருந்து விடைபெற்றன, 2014 ஜூலையிலிருந்து பஸ்ஸில் காசே வாங்குவதில்லை, கார்டைத் தட்டினால் போதும், ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம்தான், பதினொரு வயசுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு இலவசம் என்று சொன்னேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சில்லறைத் தகராறு இல்லேன்னு சொல்லு" என்றார். "அது இல்லாம என்னம்மா பஸ்ஸு?"

ஈ6

மறுநாள் நடைப்பயிற்சிக்குப் போனவர் தெருப் பலகைகளைக் கவனித்திருக்கிறார். எங்கள் பகுதியில் எல்லாப் பலகையிலும் ஈ6 என்று இருக்கும். பக்கத்து ஃபாரஸ்ட் கேட் ஈ7. "அப்போ ஒண்ணு, ரெண்டுன்னு ஸ்டேஜ் மாதிரி வரிசையா வருதா?" என்று கேட்டார்.

மேப்பைத் திறந்து காட்டினேன். ஈ3 என்கிற போ, நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த நம்பரான ஈ4, சிங்ஃபோர்ட், வடக்கே ஊரின் எல்லையில். அப்பாவால் அதைத் தாங்கவே முடியவில்லை. மூணாவது ஸ்டேஜுக்கு அடுத்த ஸ்டேஜ் ஊர்க்கோடியிலா? எந்தக் கிறுக்கன் போட்ட வரிசை இது?

"பாப்பா, நீ கண்டுபிடிச்சுச் சொல்லு பார்ப்போம்" என்றேன். அவள் மேப்பில் பெயர்களை ஒரு தாளில் எழுதினாள். ஈ2 பெத்னல் கிரீன், ஈ3 போ, ஈ4 சிங்ஃபோர்ட், ஈ5 கிளாப்டன், ஈ6 ஈஸ்ட்ஹாம், ஈ7 ஃபாரஸ்ட் கேட், ஈ8 ஹாக்னி... பத்து நிமிஷத்தில் கத்தினாள். தாளை எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் ஓடினாள்.

"தாத்தா, மேப் வரிசை இல்ல தாத்தா, ஏ பி சி டி வரிசை! பேரோட வரிசை!"

அதுவரை தமிழில் அவள் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான். நான் சமையலறையில் அப்படியே நின்றுவிட்டேன்.

விஷயம் இதுதான். லண்டன் தபால் பகுதிகளுக்கு இந்த நம்பர்களைப் போட்டது 1917-இல், முதல் உலகப்போர்க் காலத்தில், கடிதம் பிரிக்கும் வேலையைச் சுலபமாக்க. ஒவ்வொரு திசையிலும் நகர மையத்துக்குப் பக்கத்தில் உள்ள தலைமைப் பகுதிக்கு 1 கொடுத்தார்கள். மீதியைப் பெயரின் அகரவரிசையில் அடுக்கிவிட்டார்கள். ஈ2-இலிருந்து ஈ18 உட்ஃபோர்ட் வரைக்கும் வைத்துப் பாருங்கள், சரியாக வரும். தூரத்துக்கும் நம்பருக்கும் சம்பந்தமே இல்லை.

அன்றே எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டுக்கு விதி போட்டோம். ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் ஒரே ஒரு நம்பர். அந்த நம்பர் ஏன் அப்படி என்று மகள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததைத் தாத்தாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். வார்த்தை கிடைக்காவிட்டால் இங்கிலீஷ் வார்த்தை போட்டுக்கொள்ளலாம், நிறுத்த மட்டும் கூடாது. தாத்தா திருத்தக் கூடாது, கேள்வி கேட்கலாம்.

78

அப்பாவுக்கு மிகவும் பிடித்த கதை இந்த நம்பருடையது. ஆல்ட்கேட்டிலிருந்து டவர் பிரிட்ஜ் மேலே போகிற 78-ஆம் நம்பர் பஸ். பாலம் 1894-இல் திறந்தது. பெரிய படகு வந்தால் நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கும். இப்போதும் வருஷத்துக்குச் சுமார் 800 தடவை தூக்குகிறார்கள்.

1952 டிசம்பர் கடைசியில் ஒரு ராத்திரி, ஆல்பர்ட் கன்டர் என்ற டிரைவர் இதே 78-ஐ ஓட்டிக்கொண்டு பாலத்தில் வந்துகொண்டிருந்தார். எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. திடீரென்று முன்னால் ரோடு கீழே போவது மாதிரி தெரிந்திருக்கிறது. உண்மையில் அவர் நின்ற பாதிப் பாலம் மேலே போய்க்கொண்டிருந்தது. பிரேக் பிடித்தால் ஆற்றில் விழுந்துவிடும் என்று தோன்ற, ஆக்ஸிலேட்டரை மிதித்தார். மாடி பஸ், ஆட்களோடு, இடைவெளியைத் தாண்டி, இன்னும் உயர ஆரம்பிக்காத மறுபாதியில் வந்து இறங்கியது. பெரிய உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. அவருக்குப் பரிசு 10 பவுண்டு.

மகள் இதைக் கையை ஆட்டி ஆட்டி, "பஸ் ஜம்ப் பண்ணுச்சு தாத்தா" என்று சொல்லி முடித்தாள். அப்பா கேட்ட முதல் கேள்வி:

"கண்டக்டர் என்ன ஆனார்?"

அவளுக்கு அது தோன்றவே இல்லை. எனக்கும்தான். கதை முழுக்க டிரைவரைப் பற்றியது. ஆனால் பின்னால் நின்றுகொண்டு, முன்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாமல், கம்பியைப் பிடித்தபடி பறந்த ஒரு ஆளும் அந்த பஸ்ஸில் இருந்தார். "எல்லாரும் பொழைச்சாங்க தாத்தா" என்றாள். "அதான் வேணும்" என்றார் அப்பா. அடுத்த வாரம் 78-இல் பாலத்தைத் தாண்டும்போது, சின்னக் குரலில், "ஹோல்டான்... ரைட், ரைட்!" என்று அவர் சொல்ல, மகள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த இரண்டு சொல்லும் இப்போது எங்கள் வீட்டில் கதவைத் திறக்க, காரைக் கிளப்ப, பாத்ரூமை விட்டு வெளியே வர என்று எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது.

202, 311

டிஸ்ட்ரிக்ட் லைனில் ஈஸ்ட்ஹாமிலிருந்து நேராக மானுமென்ட் ஸ்டேஷன். வெளியே வந்தால் ஒரு பெரிய கல் தூண். 1666-இல் லண்டனை எரித்த பெருந்தீயின் நினைவாகக் கிறிஸ்டோபர் ரென், ராபர்ட் ஹூக் இருவரும் திட்டம் போட்டு 1677-இல் கட்டி முடித்தது. உயரம் 202 அடி. ஏன் 202? தீ ஆரம்பித்த புட்டிங் லேன் பேக்கரி அங்கிருந்து 202 அடி தூரத்தில் இருந்தது. தூணை அப்படியே கிழக்குப் பக்கம் சாய்த்தால் தலை அந்த இடத்தைத் தொடும்.

உள்ளே 311 படி. அப்பாவுக்கு முழங்கால் வலி, கீழேயே நின்றுகொண்டார். நானும் மகளும் ஏறினோம். தமிழில் எண்ணிக்கொண்டே ஏறுவது என்று ஒப்பந்தம். சுழல் படிக்கட்டு, நடுவில் வெற்றிடம், குரல் கிணற்றுக்குள் போவது மாதிரி கீழே போகும். எண்பத்தொன்பது வரை வந்தவள் நின்றாள். "ஒம்பதுபது?" என்றாள். எழுபது, எண்பது என்று வந்தால் அடுத்தது அதுதானே நியாயம்!

சந்தேகம் வந்து கீழே பார்த்துக் கத்தினாள். "தாத்தா! எண்பத்தொம்பதுக்கு அப்புறம் என்ன?"

கீழேயிருந்து 32 வருஷம் கூட்ட பஸ்ஸில் கத்திப் பழகிய குரல் வந்தது: "தொண்ணூ...று!"

மேலே போய் லண்டனைப் பார்த்தோம். எங்கள் எண்ணிக்கை 308-இல் முடிந்தது. இறங்கி வந்து சொன்னதும், "மூணு டிக்கெட் குறையுதே, கையிலேர்ந்து கட்டுங்க" என்றார் அப்பா. பிறகு தொண்ணூறு விஷயத்தை விளக்கினார். "தொண்ணூறு நூறோட வாசல்ல நிக்குது. அதான் பேர்லயே நூறு இருக்கு. தொள்ளாயிரம் ஆயிரத்தோட வாசல்ல நிக்குது. பேரைச் சொல்லிப் பாரு, ஆயிரம் கேக்குதா? ஒம்பதும் அப்படித்தான், பத்து வாசல்ல நிக்குது."

முப்பத்தாறு வருஷமாகத் தமிழில் எண்ணுகிறேன். இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உண்மையைச் சொன்னால், நான் மனசுக்குள் இங்கிலீஷில்தான் எண்ணுகிறேன் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்தத் தீயில் 13,200 வீடுகளும் 87 சர்ச்சுகளும் எரிந்தன என்று மகள் வாசித்துச் சொன்னாள். "எத்தனை பேர் செத்தாங்க?" என்றார் அப்பா. பதிவில் இருப்பது பத்துப் பேருக்கும் குறைவு என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"அத்தனை வீடு எரிஞ்சு பத்துப் பேரா? டிக்கெட் எடுக்காதவன் இன்வாய்ஸ்ல வரமாட்டான்மா. ஆனா அவனும் பஸ்லதான் இருந்தான்."

நான் டேட்டாவோடு வேலை செய்கிறவள். நம்பர் இருந்தால் நம்புவேன். ஏழை வீட்டு ஆட்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை என்று வரலாற்று ஆய்வாளர்களும் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அதை ஒரு ரிட்டையர்டு கண்டக்டர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

32

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் லண்டன் ஐ, மறு பக்கம் பிக் பென். ராட்டினத்தில் ஏறலாமா என்று கேட்டேன். டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "இங்கிருந்தே நல்லாத் தெரியுதே" என்றார் அப்பா.

அதில் 32 கூண்டுகள். லண்டன் பெருநகரம் 32 பரோக்களாகப் பிரிந்திருக்கிறது, ஒரு பரோவுக்கு ஒன்று. நடுவில் இருக்கிற சதுர மைல் சிட்டி தனிக் கணக்கு, அது பரோ இல்லை. ஆனால் கடைசிக் கூண்டின் நம்பர் 33! ஏன்? மகள் இதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். விடை: 13 இல்லை. ராசியில்லாத நம்பர் என்று 12-க்கு அடுத்து 14 போட்டுவிட்டார்கள். எங்கள் ஆபீஸில் இந்த மாதிரி ஒன்று தள்ளிப்போகிற தப்பைத் தேடியே பாதி நாள் போகும்.

"நம்மூர்ல எட்டுன்னா பயப்படுவாங்க, இங்க பதிமூணா?" என்றார் அப்பா. "எல்லா ஊர்லயும் ஒரு நம்பரைப் பாவம் ஒதுக்கி வெச்சுடறாங்க."

ஒரு கூண்டில் 25 பேர் வரை. முப்பத்திரண்டு தடவை இருபத்தஞ்சு எவ்வளவு என்று தாத்தா கேட்க, பேத்தி யோசிக்க, "நாலு இருபத்தஞ்சு நூறு. முப்பத்திரண்டுல எத்தனை நாலு?" என்று அவரே வழி சொன்னார். எட்டு. ஒரு சுற்றுக்கு 800 பேர். எங்கள் வீட்டில் தமிழில் நடந்த முதல் கணக்கு வகுப்பு அது. "தாத்தா, நீங்களும் 32 வருஷம் வேலை பார்த்தீங்கல்ல? வருஷத்துக்கு ஒரு கூண்டு!" என்றாள். அவர் கணக்கு அவருக்கு நினைவிருக்கும். அவளுக்கும் நினைவிருந்தது எனக்கு ஆச்சரியம்.

1 பென்னி

பிக் பென் என்பது கோபுரத்தின் பெயர் இல்லை, உள்ளே இருக்கிற மணியின் பெயர். எடை 13.7 டன். கோபுரத்துக்கு 2012-இலிருந்து எலிசபெத் டவர் என்று பெயர். மணி வரைக்கும் ஏற 334 படி. இவ்வளவு பெரிய கடிகாரத்தை எப்படிச் சரிசெய்கிறார்கள் தெரியுமா? காசு வைத்து. பெண்டுலத்தின் மேலே பழைய பென்னிக் காசுகள் சிலவற்றை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பென்னியைக் கூடுதலாக வைத்தால் கடிகாரம் ஒரு நாளில் 0.4 வினாடி முந்தும். எடுத்தால் அதே அளவு பிந்தும். எடை கூடினால் மெதுவாகத்தானே ஆகணும் என்று தோன்றும். காசு மேலே உட்காருவதால் பெண்டுலத்தின் எடை மையம் துளி மேலே நகர்கிறது, நீளம் குறைந்த பெண்டுலம் போல வேகமாக ஆடுகிறது.

ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடினால் வேகமாக ஆடும், உட்கார்ந்து ஆடினால் மெதுவாக ஆடும். மகள் இதைப் பார்க்கில் செய்து காட்டித்தான் தாத்தாவுக்குப் புரியவைத்தாள்.

அப்பாவுக்குப் பரம சந்தோஷம். "சில்லறையே வேணாம்னு சொல்ற ஊர்ல, மணி காட்டறதுக்குச் சில்லறைதான் வேண்டியிருக்கு பாத்தியா!"

0

கடைசி வாரம் கிரீனிச் போனோம். 1675-இல் ஆரம்பித்த வான ஆய்வுக்கூடம் அங்கே இருக்கிறது. 1884-இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி, உலகத்தின் தீர்க்கரேகைக்குத் தொடக்கம் இதுதான் என்று முடிவு செய்தன. தரையில் ஒரு கோடு. இந்தக் காலைக் கிழக்கிலும் அந்தக் காலை மேற்கிலும் வைத்துப் போட்டோ எடுக்க வரிசை நின்றது.

நான் போனை எடுத்து ஜிபிஎஸ் பார்த்தேன். கோட்டின் மேல் நின்றால் 0 காட்டவில்லை. பார்க்குக்குள் கிழக்கே 102 மீட்டர் நடந்தால்தான் 0 வருகிறது. காரணம் எளிமையானது. பழைய கருவிகள் தொங்கும் குண்டு நூலை வைத்து நேர்க்கோடு பார்த்தவை. அந்த இடத்தில் பூமியின் ஈர்ப்பு நூலைத் துளி சாய்க்கும். செயற்கைக்கோள்கள் பூமியின் மையத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. அதனால் இந்த வித்தியாசம்.

"அப்போ இந்தக் கோடு பொய்யா தாத்தா?" என்றாள் மகள். "பொய் இல்ல கண்ணு. அன்னிக்கு இருந்த கருவிக்கு இது சரி" என்றார்.

அங்கே கூரை மேல் ஒரு சிவப்புப் பந்து. 1833-இலிருந்து, ஆற்றில் நிற்கும் கப்பல்காரர்கள் கடிகாரத்தைச் சரிபார்க்க, சரியாகப் பகல் 1 மணிக்குக் கீழே விழும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. மகள் தாத்தாவின் கையை இழுத்து வாட்ச்சைப் பார்த்தாள். "அஞ்சரை காட்டுது! தாத்தா, உங்க வாட்ச் தப்பு."

வந்த நாளிலிருந்து அப்பா வாட்ச்சை மாற்றவே இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

புல்லில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது, ஒரு மணிக்கு 15 டிகிரி. இந்திய நேரம் கிரீனிச்சுக்குக் கிழக்கே 82.5 டிகிரி கோட்டை வைத்துப் போட்டது. 82.5-ஐ 15-ஆல் வகுத்தால் ஐந்தரை. கோடையில் லண்டன் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பதால் இப்போது நாலரை. "ஆனா ஏன் மாத்தலை?" என்று விடாமல் கேட்டாள்.

அப்பா கொஞ்சம் தயங்கினார். "ஊர்ல சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க பாட்டி விளக்கேத்துவா. இப்போ அவ படத்துக்கு முன்னாடி உங்க அத்தை ஏத்தறா. அந்த நேரத்துக்கு நானும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிப்பேன். வாட்ச்சை மாத்திட்டா அது தவறிடும்ல."

ஐந்து வாரமாக மத்தியானம் ஒன்றரைக்கு அவர் சோபாவில் கண்ணை மூடி உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்ட அசதி என்று நினைத்தேன். ஒரு தடவை, "உள்ளே போய்ப் படுங்கப்பா" என்று அதட்டிக்கூட இருக்கிறேன்.

அன்றைக்கு அரை மணி நேரம் அங்கேயே காத்திருந்தோம். ஒன்றரை ஆனதும் மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டோம். அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்கு

இதை லண்டனில்தான் செய்யணும் என்றில்லை. எந்த ஊரிலும் பஸ் நம்பர் இருக்கிறது, படிகள் இருக்கின்றன, பெரிய கடிகாரம் ஒன்று இருக்கிறது. லண்டனில் இருப்பவர்களுக்கு இன்னும் சில, நாங்கள் தொட்டும் தொடாமலும் விட்டவை:

செவன் டயல்ஸ் தூணில் சூரியக் கடிகாரங்கள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். ஆறுதான் இருக்கும். ஏழாவது, அந்தத் தூணேதான் என்பார்கள்.

லண்டன் சுரங்க ரயிலில் 272 ஸ்டேஷன்கள், ஆனால் பாதிக்கு மேற்பட்ட பாதை வெளிச்சத்தில்தான் ஓடுகிறது. லெஸ்டர் ஸ்கொயருக்கும் காவன்ட் கார்டனுக்கும் இடையே தூரம் வெறும் 260 மீட்டர், நடந்துவிடலாம். காவன்ட் கார்டனில் லிஃப்டை விட்டுப் படியேறினால் 193 படி, தமிழில் எண்ண நல்ல இடம்.

பேஸ்வாட்டரில் லென்ஸ்டர் கார்டன்ஸ் 23, 24-ஆம் எண் வீடுகளுக்கு உள்ளே வீடே இல்லை. 1860-களில் ரயில் பாதைக்காக இடித்த வீடுகளின் இடத்தில் முன்சுவர் மட்டும் எழுப்பி, ஜன்னல்களைப் பெயின்டால் வரைந்துவிட்டார்கள்.

இந்தத் தகவல்கள் எதையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டாம். நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். நம் பிள்ளைகள் தமிழில் பேசணும் என்றால், அவர்கள் சொல்வதைத் தமிழில் மட்டுமே கேட்கக்கூடிய, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஒரு ஆள் வேண்டும். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று என் மகளுக்குத் தெரியும். என்னிடம் அவள் தமிழ் பேசுவது ஹோம்வொர்க் மாதிரி. தாத்தாவுக்கு லண்டன் தெரியாது. அவளுக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமிழில் அவள் திருத்தப்படுகிற பிள்ளையாக இல்லாமல், வழிகாட்டியாக இருந்தாள். தாத்தா பக்கத்தில் இல்லையா? வாரத்துக்கு ஒரு போன் போதும். ஒரு நம்பர், ஒரு "ஏன்". தப்பாகச் சொல்லட்டும், குறுக்கே போகாதீர்கள். போகாமல் இருப்பதுதான் எனக்கு இருந்ததிலேயே கஷ்டமான விதி.

அப்பா ஆகஸ்ட் கடைசியில் ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரைக்குப் பேத்தி வீடியோ கால் போடுவது வழக்கமானது. அத்தை விளக்கேற்றுவாள், இவள் கண்ணை மூடுவாள், பிறகு அந்த வாரத்து நம்பர்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. லண்டன் கடிகாரங்களை ஒரு மணி பின்னால் தள்ளி வைத்த நாள். நான் மறந்துவிட்டேன். பன்னிரண்டரைக்கே மகள் ஐபேடைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"தாத்தா, இன்னைலேர்ந்து வித்தியாசம் அஞ்சரை. உங்க ஆறு மணி இனிமே எங்களுக்குப் பன்னெண்டரை. மார்ச்சுல மறுபடி மாத்துவாங்க, அப்போ சொல்றேன்."

அந்தப் பக்கம் அப்பா வாட்ச்சை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"சரி கண்ணு" என்றார். "பாட்டிகிட்டயும் சொல்லிடறேன்."